கதிரின் நியதி

பஞ்சை நூலாக்கும் பொருட்டு மனிதன் கண்ட கருவிகளுள் மிகப் பழையதும் மிகச் சிறியதுமாகிய கதிர், தக்களியின் தண்டாகவும், ராட்டையின் முனையில் சுழலும் இரும்பூசியாகவும், நூற்பாலையில் வரிசை வரிசையாக நிற்கும் ஆயிரக்கணக்கான சுழல்தண்டுகளாகவும், கடைசல் யந்திரத்தின் அச்சாகவும் வளர்ந்து வந்திருப்பதோடு, நம் உடலின் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும் வேளையில் அதனுள் தோன்றி மறையும் நுண்ணமைப்புக்கும் தன் பெயரை ஈந்திருக்கிறது. இவை அனைத்தையும் ஒரே நியதி ஆளுகிறது என்பதும், அந்த நியதி யந்திர சாஸ்திரத்தோடு நின்றுவிடாமல் தொழிலாளியின் வாழ்விலும் நோயாளியின் சிகிச்சையிலும் செல்லுபடியாகிறது என்பதும் இக்கட்டுரையாசிரியனின் துணிபு. இழுக்கும் விசை ஒன்று, கட்டிப் பிடிக்கும் விசை ஒன்று. இரண்டும் தம்முள் சமநிலை எய்தும் அளவிலேயே கதிர் பயன் தரும். இரண்டில் ஒன்று மிகினும் குறையினும் அது கெடுதி செய்யும்.

இவ்வாராய்ச்சிக்கு மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய சென்னையின் பகுதிகளைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நகரின் பெரும் பஞ்சாலைகள் வடக்கே பெரம்பூரில் எழுந்தன என்பது உண்மையே. ஆயினும், கதிரை யார் கையில் வைப்பது, கதிர்களின் முன் நாளெல்லாம் நிற்கும் தொழிலாளிக்கு உரிய நியாயம் யாது, உயிரணுவின் கதிரை எப்போது, எவ்வளவு தடுத்து நிறுத்துவது என்னும் மூன்று பெருங் கேள்விகளுக்கு விடை தேடி உழைத்தவர்களுட் சிலர் இப்பகுதிகளிலே வாழ்ந்தவர்கள்.

தக்களியின் கணக்கு

பருத்தியிழை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர்தான். இவ்வளவு குறுகிய இழைகள் பசையோ முடிச்சோ இன்றி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மைல் கணக்கில் அறாது நீளுமாறு செய்வது முறுக்கு. முறுக்கு ஏறுந்தோறும் இழைகள் நெருக்குண்டு உராய்வினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இழுக்க இழுக்க அப்பிடி இறுகுகிறது. முறுக்குக் குறைந்தாலோ இழைகள் வழுக்கிப் பிரிந்து நூல் அறும். மிகுந்தாலோ நூல் தானே சுருண்டு முறுக்கிக்கொண்டு தறிக்கு உதவாமற் போகும். ஒரு ராத்தல் நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே அந்நூலின் நம்பர். அவ்வகையில் 40-ஆம் நம்பர் நூல் ராத்தலுக்கு 33,600 கஜம், அதாவது 19 மைலுக்குச் சற்று அதிகமாக நீளும். அத்தகைய பாவு நூலுக்கு அங்குலத்துக்குச் சுமார் 25 முறுக்கு வேண்டும். நம்பர் நான்கு மடங்கானால் வேண்டிய முறுக்கு இரண்டு மடங்காகும் என்னும் வர்க்கமூல விதியைப் பிற்காலத்து நூற்பியலார் வகுத்தனர். அதற்கு முன்பே நூற்றாண்டு பல கடந்து, எழுத்தறியாத பெண்டிரின் விரல்கள் அவ்விதியை அறிந்து நடந்திருந்தன.

ஒரு தண்டும் அதிற் செருகிய ஒரு வட்டும் சேர்ந்ததே தக்களி. விரலால் சுண்டிவிடும்போது வட்டின் கனம் சுழற்சியைச் சேமித்து வைத்துச் சிறுகச் சிறுக நூலுக்கு வழங்குகிறது. வட்டு கனத்தால் மெல்லிய நூல் பாரம் தாங்காமல் அறும். இலேசானால் முறுக்கு ஏறுமுன் சுழற்சி ஓயும். ஆகவே எந்த நம்பர் நூலுக்கு எந்த வட்டு என்பது சூக்ஷ்மமான தீர்மானம். கீழடி அகழாய்வில் சுடுமண் தக்களி வட்டுகள் கிடைத்திருப்பதும், சங்கப் பாடல்கள் விளக்கொளியில் பருத்தி நூற்கும் பெண்களையும், துணையற்ற மகளிர் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூலையும் குறிப்பிடுவதும், தமிழகத்தில் இக்கைத்தொழிலின் பழமைக்குச் சான்றாகின்றன. மயிலாப்பூரில் கோயில் கொண்டுள்ள வள்ளுவரை நெசவாளராகவும், ஏலேலசிங்கன் என்னும் வணிகரிடம் நூல் பெற்று நெய்தவராகவும் சொல்லும் கர்ணபரம்பரைக் கதை வரலாற்றுச் சான்றாகாது. ஆனால் அறநூல் தந்தவரைத் தறியருகே அமர்த்திப் பார்ப்பதில் நம் மக்கள் இழுக்கொன்றும் காணவில்லை என்பதற்கு அது சான்று.

ராட்டையும் அதன் வரம்புகளும்

1764-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் எட்டுக் கதிர்களை ஒரே சக்கரத்தால் சுழற்றும் யந்திரத்தை அமைத்தது முதல், ஒரு கைக்கு ஒரு கதிர் என்றிருந்த பழைய விகிதம் குலைந்தது. அதன் பின் ஒரு நூற்றாண்டுக்குள் இந்தியக் கிராமங்களின் நூற்பு பெரும்பாலும் அழிந்து, பெண்டிரின் ஜீவனோபாயம் ஒன்று மறைந்தது. அதை மீட்பதைத் தேசத் தொண்டாகக் காந்தியடிகள் கொண்டபோது மயிலாப்பூரும் அதிற் பங்கேற்றது. 1926-இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த எஸ். ஸ்ரீனிவாச ஐயங்காரின் குமாரியாகிய அம்புஜம்மாள், செல்வம் கொழித்த லஸ் இல்லத்தில் வளர்ந்தவர். பட்டையும் நகையையும் துறந்து கதர் பூண்டு, வை. மு. கோதைநாயகி போன்றோருடன் வீதியில் இறங்கிக் கதர் பிரசாரம் செய்தவர். 1948-இல் தந்தையின் பெயரையும் காந்தியடிகளின் பெயரையும் இணைத்து ஸ்ரீனிவாச காந்தி நிலையத்தைத் தோற்றுவித்தவர். தியாகராயநகரில் தென்னிந்திய இந்தி பிரசார சபையின் வெள்ளிவிழாவை ஒட்டி 1946-இல் வந்து தங்கிய காந்தியடிகள், தொழிற்கல்விக்கென்றே அமைந்த தக்கர் பாபா வித்யாலயத்துக்கு அவ்வாண்டில் அடிக்கல் நாட்டினார். கைத்தொழிலைக் கல்வியினின்று பிரிக்கலாகாது என்னும் கொள்கை இந்நகரில் கட்டடமாக எழுந்தது அவ்வாறு.

காந்தியடிகள் யந்திரத்தை வெறுத்தவர் என்னும் பொதுவான அபிப்பிராயத்துக்கு மாறான ஆவணம் ஒன்று உண்டு. அதை ஆழ்ந்து கற்போர் சிலரே. 1925-இல் நிறுவப்பெற்ற அகில பாரத சர்க்கா சங்கம், மேம்பட்ட ராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என 1929-இல் அறிவித்தது. அதன் நிபந்தனைகள் வருமாறு: ராட்டை கிராமத்துக் குடிசைக்கு ஏற்றதாய், எளிதில் எடுத்துச் செல்லத் தக்கதாய் இருத்தல் வேண்டும், ஒரு பெண் மிக்க சிரமமின்றி எட்டு மணி நேரம் தொடர்ந்து இயக்கக் கூடியதாதல் வேண்டும், அவ்வெட்டு மணி நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையுள்ள நூல் 16,000 கஜம் நூற்க வேண்டும், விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது, பழுதுபார்ப்புடன் இருபது ஆண்டு உழைக்க வேண்டும். மணிக்கு 2,000 கஜம் என்னும் இவ்வளவு, சாதாரண ராட்டையின் சில நூறு கஜத்தைப் போலப் பன்மடங்கு. பஞ்சிலிருந்து பெறவேண்டிய பலனையும், நூற்பவளின் உடலும் பணப்பையும் தாங்கக்கூடிய பாரத்தையும் ஒரே பத்திரத்தில் எண்களாக எழுதி வைத்த அந்த அறிவிப்பு, தேர்ந்த பொறியியல் நிர்ணயம் என்றே கொள்ளத் தக்கது. எவரும் அந்நிபந்தனைகளை முழுமையாக நிறைவேற்றாமையால் பரிசு வழங்கப்படாமலே போயிற்று.

எனினும் அந்தச் சவால் வீண்போகவில்லை. தமிழ்நாட்டுக் கதர் ஊழியர் ஏகாம்பரநாதன், ஆலையின் நூற்பு முறையைச் சுருக்கிக் கைச்சக்கரத்தோடு இணைத்து நான்கு கதிர்கள் கொண்ட ராட்டை ஒன்றை அமைத்தார். அவர் பெயரின் நடுப்பகுதியையே தனக்குப் பெயராகக் கொண்ட அம்பர் சர்க்கா, 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் நாடளாவிய இயக்கமாயிற்று. அதன் பொருளாதாரத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் போன்றோர், முதலீட்டுக்கேற்ற உபரியை அது ஈட்டித் தருமா என ஐயம் எழுப்பினர். சுழற்றக் கடினம், பழுது அதிகம் என்று நூற்போரிடமிருந்தும் குறை எழுந்தது. இக்குறைகள் எழுந்த இடங்கள் எவை என நோக்குவோமாயின், சிரமம், விலை, பழுது என 1929-ஆம் ஆண்டின் நிபந்தனைகள் வரம்பிட்ட இடங்களே அவை என்பது புலப்படும். கதிர்களைப் பெருக்கியபோது கையின் வலிமை பெருகவில்லை. இழுவைக்குப் பிடிப்பு ஈடுகொடுக்கவில்லை.

ஆலையின் வேகம்

இன்று உலகெங்கும் பெருவழக்காகவுள்ள ரிங் முறை, அமெரிக்காவில் 1828-இல் ஜான் தார்ப் காட்டிய வழியில் வளர்ந்தது. ஒவ்வொரு கதிரையும் சூழ ஓர் எஃகு வளையம். அவ்வளையத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஓடும் டிராவலர் என்னும் சிறு கம்பி. கதிர் சுழல, நூல் அக்கம்பியை இழுத்துக்கொண்டு ஓட, முறுக்கும் ஏறிக் கண்டிலும் சுற்றுகிறது. தற்காலக் கதிர் நிமிஷத்துக்கு 20,000 சுற்றுச் சுழலும். அங்குலத்துக்கு 25 முறுக்கு எனின் நிமிஷத்துக்கு 800 அங்குலம், ஏறத்தாழ 20 மீட்டர் நூல் தரும். இதனினும் வேகமாக ஏன் சுழற்றலாகாது என்று வினவினால், தடை கதிரில் இல்லை, அந்தக் கம்பியில் இருக்கிறது என்பதே விடை. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் அது நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் ஓட நேரும்போது உராய்வின் சூட்டால் தேய்ந்து எரிகிறது. நூலின் இழுவையும் மிகுந்து அறுபடல் பெருகுகிறது. கோவையிலும் பிற ஊர்களிலும் பெருகி, தமிழகத்தை நாட்டின் நூற்புத் தொழிலில் முதன்மைப்படுத்தியுள்ள ஆலைகள் அனைத்தும் இந்த எல்லைக்குள்ளேதான் இயங்குகின்றன.

நூலுக்கு இழுவை எல்லை இருப்பதை ஆலை முதலாளிகள் விரைவில் அறிந்தனர். அறுந்த நூலை முடியும் மனிதருக்கும் அவ்வாறே எல்லை உண்டு என்பதை அறியக் காலம் பிடித்தது. பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் பெரம்பூரில் இயங்கிய பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில், உணவுக்கு விடப்பட்ட அரை மணி நேரம் உண்டு திரும்பப் போதவில்லை என்பது தொழிலாளரின் முதற் குறைகளில் ஒன்று. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலையில் ஆடவரின் வேலையை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என வரையறுத்திருந்த காலம் அது. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும், அடையாற்றில் பிரம்மஞான சபையில் அன்னி பெசன்ட் அம்மையாருடன் பணியாற்றிவந்த பி. பி. வாடியாவிடம் இக்குறையைக் கொண்டுசென்றனர். அதன் பயனாக 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவராகவும் திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவராகவும் அமைந்த அச்சங்கம், இந்தியாவின் முறையான தொழிற்சங்கங்களுள் முதலாவதாக எண்ணப்படுகிறது. 1920-இல் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது நஷ்டஈடு கோரி உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தடையுத்தரவும் பெற்றது. சங்கம் அமைப்பதே குற்றமாகுமோ என நாடெங்கும் எழுந்த கவலை, 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலியது. பெரம்பூர்க் கதிர்களின் முன் நிற்போருக்குச் சங்கம் வேண்டும் என்னும் எண்ணம் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் ஆலமர நிழலிலிருந்து சென்று நாட்டின் சட்டமாயிற்று என்பதைச் சென்னை மாநகரம் பெருமையோடு நினைவிற் கொள்ள வேண்டும்.

கடைசல் பட்டறைகளில் வேலை செய்வோருக்கும் இந்நியதி புதிதன்று. லேத் யந்திரத்தின் கதிராகிய ஸ்பின்டில், தாங்கிகளில் இறுக்கம் தளர்ந்தால் அவர்கள் சொல்லும் ‘ஆட்டம்’ கண்டு, கடைந்த பொருள் வட்டத்தினின்று வழுவும். இறுக்கம் மிகுந்தால் தாங்கி சூடேறிக் கெடும். 1944-இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் கிண்டியில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரியில் நூற்பியல் கற்கும் மாணவரும், 1959-இல் ஜெர்மானிய உதவியுடன் அதன் அருகே தோன்றிய ஐ.ஐ.டி.யில் யந்திரவியல் கற்கும் மாணவரும், வெவ்வேறு பாடநூல்களில் இந்த ஒரே சமநிலையைத்தான் கணக்கிடப் பழகுகின்றனர்.

உயிரணுவினுள்

உயிரணுவின் கதிரோ சுழல்வதில்லை. நடுவிற் பருத்து இரு முனையும் குவிந்த வடிவ ஒப்புமையால் அப்பெயர் பெற்றது. அதை 1882-இல் வெளிவந்த தம் நூலில் ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங் தெளிவுற வருணித்தார். உயிருள்ள அணுவிலேயே அதன் இழைகளை 1953-இல் ஷின்யா இனோவே ஒளிமுனைப்பு நுண்ணோக்கியால் காட்டினார். டியூபுலின் என்னும் புரதக் கூறுகள் அடுக்கப்பட்டு, 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்களாகி, இரு துருவங்களிலிருந்தும் நீண்டும் குறுகியும் நடுவே உள்ள குரோமோசோம்களைத் தேடிப் பற்றுகின்றன. மனித அணுவின் 46 குரோமோசோம்களும் இரட்டித்து நிற்க, ஒவ்வோர் இரட்டையின் ஒரு பாதியை ஒரு துருவமும் மறு பாதியை எதிர்த் துருவமும் பற்றி இழுக்க வேண்டும். ஒன்றேனும் சரிவரப் பற்றப்படாவிடின் பிரிவு தொடங்காது.

சரியாகப் பற்றப்பட்டதை அணு எவ்வாறு அறிகிறது? அமெரிக்க ஆராய்ச்சியாளர் ப்ரூஸ் நிக்லாஸ், வெட்டுக்கிளியின் அணுவுக்குள் நுண்ணிய கண்ணாடி ஊசியைச் செலுத்தி, ஒரே துருவத்தால் தவறாகப் பற்றப்பட்டிருந்த குரோமோசோமை மென்மையாக இழுத்துப் பிடித்தார். நிலைக்காமல் விலகவேண்டிய அப்பற்று, இழுவை கிடைத்ததும் நிலைத்தது. 1969-இல் வெளியான இச்சோதனையைத் தொடர்ந்து, கும்பிடுபூச்சியின் அணுவில் ஊசியால் இழுவை தந்தபோது தயங்கி நின்ற பிரிவு தொடங்கியதை அவரும் சகாவும் 1995-இல் அறிவித்தனர். இரு பக்கமும் சமமாக இழுபடும் நிலையே ‘எல்லாம் ஒழுங்கு’ என்னும் அறிகுறி என இவற்றால் விளங்கிற்று. பிடித்த பிடி இழுவையால் இறுகும் என்று தக்களி நூற்பவளின் விரல் அறிந்த உண்மைக்கு, உயிரின் அடித்தளத்திலேயே இணையானதொன்று இருப்பது நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

இந்தக் கதிரைத் தடுக்கும் வன்மை தமிழ்நாட்டின் இரு மலர்ச்செடிகளுக்கு உண்டு. மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல் வளரவொட்டாமல் செய்யும். கிழங்கின் நஞ்சுக்கும் அதுவே காரணம். அதைக் கையாண்டு பிரிவை நடுவில் நிறுத்தியே, மனிதக் குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்று 1956-இல் டியோவும் லெவானும் நிறுவினர். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டு நம் கோயில் நந்தவனங்களில் நிலைபெற்றுவிட்ட நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டினைக் கனடாவின் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் பிரித்தனர். அதன் உடன்பிறப்பாகிய வின்கிரிஸ்டின் 1963-இல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. கதிர் அமையாமல் திகைத்து நிற்கும் புற்றணு மடிகிறது. இதற்கு நேர்மாறாக, பசிபிக் யூ மரப்பட்டையிற் கிடைத்த டாக்ஸால் நுண்குழல்களைக் குலையவொட்டாமல் உறையச் செய்கிறது என 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டார். அதனாலும் புற்றணு மடிகிறது. அமையாத கதிரும் கலையாத கதிரும் ஒருங்கே பயனற்றவை.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில், அவர் குமாரர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த சாந்தாவும் வாழ்நாள் முழுதும் தொண்டாற்றினர். சாந்தா மயிலாப்பூரில் பிறந்தவர், சி. வி. ராமனின் குடும்பத்தவர், 2021-இல் மறையும்வரை அம்மருத்துவமனையையே இல்லமாகக் கொண்டவர். வசதி குறைந்த நாட்டுக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கென அமெரிக்காவில் பணியாற்றிய நிபுணர் இயன் மக்ராத்தின் ஒத்துழைப்போடு 1980-களில் வகுக்கப்பட்ட எம்.சி.பி. 841 என்னும் சிகிச்சைமுறையை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் டில்லி எய்ம்ஸும் அடையாறும் கையாண்டன. வின்கிரிஸ்டின் அதில் இன்றியமையாத மருந்து. நூற்றுக்கு இருபதுக்கும் குறைவாக இருந்த பிழைப்பு விகிதம், நான்காண்டு முடிவில் ஏறத்தாழப் பாதி அளவுக்கும் அதற்கு மேலும் உயர்ந்தது.

இங்கும் அளவே உயிர்நாடி. நரம்புகளும் நுண்குழல்களை நம்பியே தம் நெடிய இழைகளுக்குள் பொருள்களைக் கொண்டுசெல்வதால், வின்கிரிஸ்டின் மிகுந்தால் விரல்நுனிகள் மரத்துக் கால் தளரும். குறைந்தால் நோய் மீளும். குழந்தையின் உடற்பரப்பைக் கணித்து மில்லிகிராமின் பின்னங்களில் மருந்தை அளந்து செலுத்தும் மருத்துவரின் கவனம், வட்டின் கனத்தைத் தேர்ந்த பழைய நூற்பவளின் கவனத்தோடு ஒத்தது.

செய்யத்தக்கது

1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம் தக்களியைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் தந்தது. அது துணி நெய்வதற்கான உற்பத்திக் கணக்காகவே மதிப்பிடப்பட்டு, அக்கணக்குத் தேறாதபோது கைவிடப்பட்டது. அதன் கல்விப் பயனை எண்ணியவர் சிலரே. உற்பத்திக்காக அன்றி விஞ்ஞானத்துக்காக அதை மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவருவது இன்று தகும். மூங்கில் குச்சியும் மண்வட்டும் செலவற்றவை. வட்டின் கனத்தை மாற்றி மாற்றி நூல் அறும் நிலையையும் சுருளும் நிலையையும் தம் விரலாலேயே உணரும் மாணவர், சுழற்சி, உராய்வு, இழுவை ஆகிய மூன்றையும் சூத்திரத்துக்கு முன்னே அறிவர். உயிரணுப் பிரிவின் படத்தைக் கரும்பலகையில் காணும்போது, அங்கே நிகழ்வது இழுவையின் சமன் என்பதும் அவர்களுக்கு எளிதிற் புலனாகும்.

அதனோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை 1929-ஆம் ஆண்டின் நிபந்தனைகளும், 1918-ஆம் ஆண்டின் சங்கமும், அடையாற்று மருத்துவமனையின் சிகிச்சையும். நூலின் இழுவையை அளக்கத் தெரிந்த மாணவர் பின்னாளில் பொறியாளராகும்போது, தாம் அமைக்கும் யந்திரத்தின் முன் நிற்கும் மனிதர்மீது விழும் பாரத்தையும் அவ்வாறே அளக்க வேண்டும் என்பதை முதலிலிருந்தே பாடத்தின் பகுதியாக அறிந்திருக்க வேண்டும். தியாகராயநகரில் தொழிற்கல்விக்கு அடிக்கல் நாட்டியவரின் கருத்து அதுவே. மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகியவற்றின் பள்ளிகளே இம்முயற்சியைத் தொடங்குவது முறையாகும்.